குடைத்துரையின் ஊரில் ஒரு கல்

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக ஆறு வருடம் ஓடிவிட்டது. இதற்கென்றே நோட்டுப் புத்தகம் மூன்று வாங்கினேன். ஒன்று மழையில் நனைந்தது. ஒன்றில் என் மனைவி கோலம் வரைந்து பார்த்துவிட்டாள். மூன்றாவதில்தான் இது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். பிறகு தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டிப் பிழைத்தவன். ஆனால் தயக்கம் படிப்பினால் வந்ததல்ல. இது சாமி சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு சொல் கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு.

எங்கள் முனீஸ்வரன் கோயில் மலாயாவில் பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. முனீஸ்வரனுக்கு இடப்பக்கம் ஒரு சின்ன மாடம். அதில் சிலை கிடையாது. ஒரு பழைய கறுப்புக் குடைதான். அந்தக் காலத்தில் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை வெயிலிலும் குடை, மழையிலும் குடை என்று நடப்பாராம். ஒரு பெருவெள்ளத்தில் கூலிகள் குடியிருந்த ஆற்றோர லயத்துக் கதவுகளைக் குடையால் தட்டித் தட்டி ஜனங்களை மேட்டுக்கு ஏற்றினார். கடைசியில் அவரை ஆறு கொண்டு போய்விட்டது. மூன்றாம் நாள் குடை மட்டும் ஒரு மரக்கிளையில் தொங்கியது. அதை எடுத்து வந்து முனீஸ்வரன் பக்கத்தில் வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் குடைத்துரை, எங்கள் காவல் தெய்வம்.

துரை என்றால் குடிப்பவர்தானே? பௌர்ணமிக்குப் பௌர்ணமி விஸ்கியும் சுருட்டும் படையல். என் மனைவியின் தம்பி கோபால் மேல் துரை இறங்குவார். இறங்கியதும் முதலில் விஸ்கியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அப்புறம்தான் வாக்கு சொல்வார்.

எனக்கும் துரைக்கும் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. என் மகள் கவிதா ஆறு வயதில் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் அந்தக் குடைக்குக் கீழே தரையில் படுத்து, பிள்ளையைக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்று கிடந்தேன். பிள்ளை பிழைத்தாள். இன்றைக்கு அவளே ஸ்காட்லாந்தில் நர்ஸ்.

தோட்டத்து நிலம் கைமாறியதும் கோயிலைக் கூலாய்க்கு, நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்புக்கு மாற்ற வேண்டி வந்தது. ஒரு தெய்வத்தைப் புது இடத்தில் குடிவைக்க வேண்டுமானால் அதன் பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வர வேண்டும். அதுதான் பிடிமண். முனீஸ்வரனுக்குத் தோட்டத்து மண் எடுத்தாயிற்று. துரை பேச்சு வந்தபோது கமிட்டிச் செயலாளர் எழுந்து, புதுக் கோயிலில் வெள்ளைக்காரருக்கு மாடம் எதற்கு, முதலாளி வேலை முடிந்து போயாச்சு என்றார். பெரிய வாக்குவாதம். கடைசியில் தலைவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். துரையின் ஆதி இடம் தோட்டம் அல்ல, அவர் பிறந்த ஊர். குடையின் கைப்பிடியில் வெள்ளிப் பட்டை இருக்கிறது, அதில் அவர் பெயரும் ஊர்ப் பெயரும் வெட்டியிருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு முன்னால் அங்கிருந்து பிடிமண் வந்தால் மாடம் உண்டு. வராவிட்டால் குடை ஸ்டோருக்குப் போகும், பிளாஸ்டிக் நாற்காலிகளோடு.

பிளாஸ்டிக் நாற்காலிகளோடு என்று அவர் சொன்னதுதான் என்னை எழுப்பிவிட்டது. நான் போகிறேன் என்றேன். துரை இறங்குகிற உடம்பு என்பதால் கோபாலும் கூட வந்தான். இருவருக்கும் கும்பாபிஷேக விரதம். அசைவம் கிடையாது.

ஸ்காட்லாந்தில் இருக்கும் அந்த ஊரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நம்மவர்கள் பை நிறைய மண் அள்ளப் போய்விடுவார்கள். அங்கே மனிதர்கள் குறைவு, ஆடுகள் அதிகம். மழை பெய்கிறது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. பெய்யாவிட்டால்தான் சொல்கிறார்கள்.

கவிதா எங்களைப் பக்கத்துச் சிறு பட்டணத்தில் ஒரு வீட்டில் தங்கவைத்தாள். அவளுக்கு டியூட்டி. போகும்போது ஒரு குண்டைப் போட்டாள். "ப்பா, மண்ணு கொண்டு போக விடமாட்டாங்கப்பா. ஏர்போர்ட்லயே எடுத்துடுவாங்க. கல்லுன்னா பரவால்ல, கழுவிட்டுக் கொண்டு போலாம்." பிடிமண் என்றால் மண்தானே, பிடிகல் என்று எங்கே இருக்கிறது? 

முதல் நாள் காலை பசியாற, வீட்டுக்கார அம்மா ஒரு தட்டு நிறையக் கொண்டு வந்தார். கறுப்பாக வட்டமாக ஒன்று இருந்தது. என்னவென்று கேட்டதற்கு ஆட்டு ரத்தமோ பன்றி ரத்தமோ என்று சாதாரணமாகச் சொன்னார். கோபால் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். விரதத்தை நினைவுபடுத்தினேன். இருந்த நான்கு நாளும் எங்களுக்கு ரொட்டியும் தக்காளிச் சாற்றில் போட்ட அவரை விதையும்தான். என் மனைவி கட்டிக் கொடுத்த ஊறுகாய் இல்லாவிட்டால் நாங்கள் திரும்பியிருக்க மாட்டோம்.

அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு இரண்டு பஸ். வழியில் டிரைவர் பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் போய், வேலியில் மாட்டியிருந்த ஆட்டுக்குட்டியை எடுத்துத் தாயிடம் விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி ஓட்டினார்.  சர்ச்சில் இறக்கிவிடுங்கள் என்றோம். எந்தச் சர்ச் என்று கேட்டார். ஆளைவிட ஆடு அதிகமான ஊரில் மூன்று சர்ச்.

நாங்கள் பார்த்த முதல் சர்ச்சுக்குக் கூரை இல்லை. மிகப் பழையது. சுற்றிலும் கல்லறைகள், உள்ளே ஆடுகள். இரண்டாவது சர்ச்சில் மணிக்கூண்டு, பூட்டு, ஞாயிறு விட்டு ஞாயிறுதான் பூசை என்று ஓர் அறிவிப்பு. மூன்றாவதில் வாசல் மணியை அடித்தோம். சாமி கும்பிட வந்திருக்கிறோம் என்றதும் கதவைத் திறந்தவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். அது இப்போது அவர் வீடு. பீடம் இருந்த இடத்தில் அடுப்பு. நாங்கள் அடுப்பைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். மனிதர் நல்லவர், கூடவே அவரும் குனிந்தார்.

ஒரே சாமிக்கு ஏன் மூன்று கோயில் என்று அவரிடமே கேட்டேன். பெரியவர்கள் காலத்தில் யார் பாதிரியாரை நியமிப்பது என்று சண்டை வந்து, பாதிப் பேர் வெளியே போய் இதைக் கட்டிக்கொண்டார்களாம். பிறகு பேரப்பிள்ளைகள் சமாதானமாகிவிட, கட்டடம் மிச்சம். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. "கமிட்டி எல்லா ஊர்லயும் கமிட்டிதான் மச்சான்" என்றான் கோபால்.

திரும்பும் வழியில் ஒரு ஊற்று. அதன் மேல் சாய்ந்த மரத்தில் துணிக் கிழிசல்கள் கட்டியிருந்தன. நோய் தீர வேண்டிக்கொண்டு கட்டுவதாம். நான் கைக்குட்டையைக் கிழித்து ஒரு துண்டு கட்டினேன். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் நாள் சனிக்கிழமை. கோபால் குளிருக்குள் குளிராக வேட்டி கட்டிக்கொண்டான். பஸ்ஸை விட்டு இறங்கி, மணிக்கூண்டுச் சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தபோதுதான் தெரிந்தது, பூசைப் பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டோம். கற்பூரம், குங்குமம், நல்லெண்ணெய், கவிதா வாங்கிக் கொடுத்த தேங்காய் எல்லாம் போய்விட்டது. பஸ் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும்.

சர்ச் சுவரில், கதவுக்குப் பக்கத்தில், சங்கிலியில் ஓர் இரும்பு வளையம் தொங்கியது. இரண்டு அரைவட்டம், நடுவில் கீல். கோபால் அதைக் கையில் எடுத்து, பார்த்து, கழுத்தில் வைத்தான். ஊருக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுக்கச் சொன்னான். நான் எடுத்தேன். நன்றாக வரவில்லை, இன்னொன்று எடு லா என்றான். இரண்டாவது போட்டோவுக்கு வளையம் சாத்திக்கொண்டது.

இழுத்துப் பார்த்தோம். திருகிப் பார்த்தோம். நான் சங்கிலியைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்த்தேன். பல நூறு வருடம் நின்றது எனக்காகவா வரப்போகிறது? அந்த நேரத்தில் ஒரு நாய் வந்து என் செருப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. மழை வலுத்தது. வேட்டி கட்டியவன் ஒருவன் சர்ச் சுவரில் கட்டுண்டு கிடக்க, நான் வெறுங்காலோடு முனீஸ்வரனைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

வந்தது ஒரு கிழவி. கழுத்தில் கயிறு கட்டிச் சாவி. சர்ச்சைத் திறந்து மூடுகிற பொறுப்பு அவருடையது. ஜீன் என்று பெயர், நான் ஆன்டி என்று கூப்பிட்டேன். அவர் கோபாலைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை.

"நீங்க ரெண்டாவது ஆளு. முன்னாடி ஒரு ஜெர்மன்காரரு. அவருக்கு வெண்ணெய் தடவி எடுத்தோம்."

இப்போது வீட்டில் வெண்ணெய் இல்லையாம், டாக்டர் நிறுத்திவிட்டாராம். நல்லெண்ணெய் இருக்கிறது, ஆனால் பஸ்ஸில் இருக்கிறது என்றேன். சரி, பஸ் வரட்டும் என்று அவர் வீட்டுக்குப் போய்ப் பிளாஸ்கில் தேநீரும், மணல்போல் உதிரும் பிஸ்கட்டும், கோபால் தலைக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் கொண்டு வந்தார். கோபாலுக்கு நான் ஊட்டினேன். எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டார். துரையின் பெயரைச் சொன்னேன்.

ஆன்டி கோப்பையைக் கீழே வைத்தார். "அவரு எனக்கு ஞாயிறு பள்ளியில பாடம் சொன்னவராச்சே."

அப்படி இருக்க முடியாது, நீங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே அவர் எங்கள் ஆற்றில் போய்விட்டார் என்றேன்.

"செத்தவரு நாப்பது வருஷம் எங்க தெருவுல நடந்தாரே."

 வாசல் படி ஈரம், ஆனாலும் உட்கார்ந்தேன். ஆன்டி சொல்லிக்கொண்டே போனார். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனவர் மறுகரையில் ஒதுங்கினாராம். கடுமையான காய்ச்சல். நினைவு திரும்புமுன்பே மறுகரைத் துரைமார் அவரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பிழைத்து, வயதாகி, படுக்கையில்தான் இறந்தார். ஒரே ஒரு குறை அவருக்கு. மழை பெய்யும்போதெல்லாம், அதாவது தினமும், மலாயாவில் ஒரு நல்ல குடையை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்பாராம். அது கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, வேறு குடை வாங்கவே இல்லை. கடைசி வரை நனைந்துகொண்டே நடந்தார்.

அந்தக் குடையை நாங்கள் சாமியாக வைத்திருக்கிறோம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அப்போது சுவரிலிருந்து கோபாலின் குரல் வந்தது. பல வருடமாக மனதில் வைத்திருந்த சந்தேகம் போலும். துரை என்ன விஸ்கி குடிப்பார் என்று கேட்டான்.

"அவரா? ஒரு சொட்டு தொட்டதில்ல. குடிக்கிறவங்க எதிர்ல வந்தா தெரு மாறிப் போவாரு." ஆன்டி வளையத்தைக் காட்டினார். "இது எதுக்குத் தெரியுமா? அந்தக் காலத்துல குடிகாரங்கள இதுல மாட்டி, ஞாயித்துக்கிழமை ஊரே பாக்க நிறுத்துவாங்க."

கழுத்தை அசைக்க முடியாததால் கோபால் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

பஸ் வந்தது. டிரைவர் எங்கள் பையை முன்சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட் போட்டுக் கொண்டு வந்திருந்தார். நல்லெண்ணெய் ஊற்றிக் கீலைத் தளர்த்தினோம். கோபால் வெளியே வந்தான். பையை வாங்கிப் பார்த்த ஆன்டி, அதிலிருந்த தேங்காயைக் கையில் எடுத்தார். அவர் முகம் மாறியது.

"இத எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

சாமிக்கு உடைக்க என்றேன். அவர் என்னைக் கையைப் பிடித்து அந்த வாசல் படிக்கே கூட்டிப் போனார். துரை வருடத்துக்கு ஒரு முறை, வெள்ளம் வந்த மாதத்தில், பட்டணத்துக்கு எழுதித் தேங்காய் வரவழைத்து இந்தப் படியில் உடைப்பாராம். சர்ச்சுப் பெரியவர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் சொன்ன பதிலை ஆன்டி அப்படியே சொன்னார்.

"ஆத்தங்கரையில ஒரு காவல்காரரு நிக்கிறாரு. அவருதான் என்னை இழுத்து மேல போட்டாரு. இது அவருக்கு."

எங்கள் கோயில் இருந்தது ஆற்றங்கரையில்.  நாங்கள் இங்கே அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் அங்கே எங்கள் முனீஸ்வரனைக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார், அதுவும் மழையில் நனைந்துகொண்டு.

ஆன்டி இன்னொன்றும் சொன்னார். துரை போன பிறகும் ஊர்க்காரர்கள் அந்தத் தேங்காயை விடவில்லை. வருடா வருடம் சுத்தியலால் தட்டி உடைத்து, கோழிக்குப் போடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், துரை மலாயாவில் ஒரு புலியைத் தேங்காயால் அடித்துக் கொன்றார் என்று பிள்ளைகள் சொல்கிறார்களாம். "நான் மாத்தி மாத்திச் சொல்லிப் பாத்தேன். யாரும் கேக்கல. புலிதான் வேணுமாம்."

 பஸ்ஸில் திரும்பும்போது நான் சொன்னேன், இதெல்லாம் தெரிந்தால் செயலாளர் சும்மா இருப்பாரா? வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, வயதாகிச் செத்தவர் எப்படிக் காவல் தெய்வம் என்பார். குடை நேரே ஸ்டோருக்குத்தான். கோபால் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டான். "அத விடு மச்சான். அப்ப இத்தன வருஷமா குடிச்சது யாரு?"

 

மூன்றாம் நாள் ஞாயிறு. எங்கள் அதிர்ஷ்டம், பூசை உள்ள ஞாயிறு. பதினோரு பேரும், என் செருப்பை எடுத்த நாயும் வந்திருந்தார்கள். பாதிரியார் ஓர் இளம் பெண். ஐந்து ஊருக்கு அவர் ஒருவர்தான், அதனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆசீர்வாதம் செய்தார். பாட்டு மெதுவாக, நன்றாக இருந்தது. அர்த்தம் பாதிதான் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன், மீதியைச் சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று.

மண் எங்கே எடுப்பது என்பதுதான் கவலை. துரையின் கல்லறை கூரையில்லாத சர்ச்சில் இருந்தது. சண்டை போட்டவர்கள், சமாதானமானவர்கள் எல்லோருக்கும் ஒரே இடம் அதுதான். கும்பிட்டுவிட்டு வந்தோம். ஆனால் சுடுகாட்டு மண்ணைக் கும்பாபிஷேகத்துக்குக் கொண்டு போகலாமா? கூடாது. போகும் வழியிலோ ஏர்போர்ட். இரண்டு பக்கமும் அடைப்பு.

பூசை முடிந்ததும் ஆன்டி எல்லோரையும் வாசலில் நிறுத்தினார். தேங்காய் உடைக்கும் முறை தெரிந்தவர் வந்திருக்கிறார், ஒரு தடவையாவது சரியாகப் பார்ப்போம் என்றார். கோபால் வேட்டியை மடித்துக் கட்டினான். கற்பூரம் மூன்று தடவை அணைந்தது. நான்காவது தடவை பாதிரியார் தன் அங்கியை விரித்துக் காற்றை மறைத்தார். கோபால் தேங்காயைச் சுற்றி, முனீஸ்வரா என்று ஒரே வீச்சாகப் படியில் அடித்தான்.

சிதறு தேங்காய் என்றால் அதுதான் சிதறு தேங்காய். ஒரு சில்லு பாதிரியார் அங்கியில், ஒன்று நாய் வாயில், மிச்சம் வாசல் புல்லில். கூட்டம் கை தட்டியது. புகை அடங்கியதும் பார்த்தால், படியின் மூலையில் பழைய விரிசல் இருந்த இடத்தில், எலுமிச்சம்பழ அளவு ஒரு கல் பெயர்ந்து என் காலடியில் கிடந்தது.

 அடுத்தவர் கோயில் படியை உடைத்துவிட்டோமே என்று கைகூப்பினேன். ஆன்டி குனிந்து அதை எடுத்து என் கையில் வைத்தார்.

"கொண்டு போங்க. இதச் சரிபண்றதா வேண்டாமான்னு கமிட்டி கூடிப் பேசி முடிக்கறதுக்குள்ள நாங்கல்லாம் போயிருவோம்."

கவிதா சொன்ன கல். நான் கேட்கவில்லை, அவரே கொடுத்தார்.

நான்காம் நாள் கவிதா அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு துளி மண் இல்லாமல் தேய்த்துக் கொடுத்தாள். ஊருக்கு வந்து இறங்கியதும் நானே ஏர்போர்ட் அதிகாரியிடம் போய்க் காட்டினேன். மறைக்க மனம் வரவில்லை. அந்த மலாய்க்காரத் தம்பி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரம் போய் இதைத்தானா பாக்சிக் வாங்கினீர்கள் என்று பெரியப்பா முறை சொல்லிக் கேட்டு அனுப்பிவிட்டார்.

பிடிமண் கல்லாக வந்ததே என்று செயலாளர் முனகினார். தலைவர், வெள்ளைக்கார ஊரில் மண்ணே கல்தான் என்று முடித்துவிட்டார். துரை வீடு போய்ச் சேர்ந்த கதையை நாங்கள் வாய் திறக்கவில்லை. கல் மாடத்துக்குள் இறங்கியது, அதன் மேல் குடை நின்றது, கலசத்தில் தண்ணீர் விழுந்தது. இனி யாரும் எடுக்க முடியாது. நான் அழுதேன்.

மாலையில் கோபால் மேல் துரை இறங்கினார். வழக்கம்போல் விஸ்கிக் கிண்ணத்தை நீட்டினார்கள். புறங்கையால் தள்ளிவிட்டார். மறுபடி நீட்டினார்கள். மறுபடி தள்ளினார். கூட்டம் பயந்துவிட்டது. என்ன குறை சாமி, என்ன வேண்டும் சாமி என்று கேட்டார்கள். துரை கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

"தே ஓ. சீனி கொறச்சு."

ஓடிப்போய் எதிர் ஸ்டாலில் அந்தப் பாலில்லாத தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வந்தார்கள். குடித்துவிட்டு வாக்குச் சொன்னார். அன்றிலிருந்து படையல் அதுதான். கோபாலும் குடியை நிறுத்திவிட்டான். அது அவனா, அவரா என்று நான் கேட்கவில்லை. 

அப்புறம் ஏன் இப்போது எழுதுகிறேன்? ஆறு வருடத்தில் கதை வளர்ந்துவிட்டது. பக்கத்தில் பள்ளிக்கூடம் இருப்பதால் துரை குடியை விட்டார் என்கிறார்கள். அவர் சைவம் என்கிறார்கள். போன பௌர்ணமிக்கு ஓர் அம்மா பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், துரை குடையையே படகாக்கிக் கடலோர மெர்சிங்கில் கரையேறினாராம். ஆன்டி ஊரில் புலி முளைத்ததும் இப்படித்தான். அதனால் தெரிந்ததை எழுதிவிட்டேன். குடியாத ஒரு மனிதருக்கு இத்தனை காலம் விஸ்கி ஊற்றினோமே, அதற்கு நான் செய்யக்கூடிய பரிகாரம் இது ஒன்றுதான். செயலாளர் படித்தாலும் படிக்கட்டும்.

கோபாலிடம் சொன்னேன். எழுது மச்சான், அந்த வளையத்தை மட்டும் விட்டுடு என்றான். விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் ஒன்றை எடுத்தால் அங்கே வேறொன்று வந்து உட்காரும். மன்னித்துக்கொள் மச்சான்.

படிக்கிறவர்கள் தயவுசெய்து இதை இப்படியே அடுத்தவருக்குக் கொடுங்கள். புலி சேர்க்காதீர்கள், படகு சேர்க்காதீர்கள், வளையத்தை எடுக்காதீர்கள். பிள்ளைகள் கேட்டால் இவ்வளவுதான் சொல்லுங்கள்: துரை ஆற்றோடு போகவில்லை. ஜனங்களை எழுப்பிவிட்டு, வீட்டுக்குப் போனார். குடையை விட்டுவிட்டுப் போனார்.